அத்தியாயம் 14: லானின் வாசலில் பூசணிக்காய்

சென்ற வாரம் கிரிஜாவைக் கையில் பூசணிக்காயோடு விட்டுவிட்டு வந்தோம். அமாவாசைக்குக் கடை வாசலில் திருஷ்டி கழிப்பது எந்த ஊரில்தான் இல்லை, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவளும் நினைத்தாள், நாமும் நினைத்தோம். ஊர் மெல்பேர்ன் என்பதை மறந்துவிட்டோம்.

மல்கிரேவிலிருந்து டாண்டினோங் போகும் பெரிய சாலையில், பெட்ரோல் பங்குக்கு அடுத்தாற்போல் ஒட்டி ஒட்டி ஏழு கடைகள். முதலில் ஆப்கானியர் ரொட்டிக் கடை, பிறகு கம்போடியர் தையல் கடை என்று வரிசையாகப் போய், கடைசி மூன்று இப்படி இருக்கும்: கல்யாணசுந்தரமும் மனைவி கிரிஜாவும் நடத்தும் மளிகைக் கடை, பக்கத்தில் சிகரெட் கடை, மூலையில் வியட்நாம்காரி லானின் பேக்கரி. ஒரு கடையில் தாளித்தால் ஏழு கடையிலும் தும்முவார்கள். ஆனால் பத்து நாளாக ஏழு கடைக்கும் ஒரே வாடைதான். கரி வாடை. நடுவிலிருந்த சிகரெட் கடையை யாரோ இரவோடு இரவாகக் கொளுத்திவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அந்தத் தீயை முதலில் பார்த்தவன் சுஜீதன். கிரிஜாவின் கடையில் பகலில் வேலை, மாலையில் மல்கிரேவ் ஆஃபீஸ்களில் துப்புரவு வேலை. அன்று இரவு பஸ்ஸை விட்டு இறங்கியவன் புகையைப் பார்த்து ட்ரிபிள் ஸீரோ என்ற அவசர எண்ணுக்கு ஃபோன் செய்தான். பெயர் என்ன என்று கேட்டதும் வைத்துவிட்டான்.

அவன் அகதியாகப் படகில் வந்தவன். பதின்மூன்று வருஷமாக பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதிதான். கிளிநொச்சியில் விட்டுவிட்டு வந்தபோது எட்டு மாதமாக இருந்த மகளுக்கு இப்போது கிட்டத்தட்ட பதினான்கு வயது. அவனோடு ஒரே படகில் வந்த ஒருவன் யாரோ போட்ட சண்டையை விலக்கப் போய், கேஸில் பெயர் ஏறி, விசா ரத்தாகி, இரண்டு வருஷம் தடுப்பு முகாமில் இருந்துவிட்டுக் கடைசியில் கொழும்புக்கு ஏற்றி அனுப்பப்பட்டான். அன்றிலிருந்து சுஜீதனுக்கு போலீஸ் கார் கண்ணில் பட்டாலே கால் தானாக ஓரம் ஒதுங்கும்.

சரி, பூசணிக்காய்க்கு வருவோம். பக்கத்துக் கடை எரிந்ததிலிருந்து கிரிஜாவுக்கு மனசே சரியில்லை. வெள்ளிக்கிழமை அமாவாசை. லானின் பேக்கரிக்கு எதிரே காய்கறி விற்பவரிடம் நல்ல சாம்பல் பூத்த காயாகப் பார்த்து வாங்கினாள். உடைக்க ஆள் வேண்டுமே. பெண்கள் பூசணிக்காய் உடைப்பதில்லை. கல்யாணசுந்தரம் ஒரு காலத்தில் மல்கிரேவில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், வேலை போன பிறகும் அந்த விறைப்பு போகவில்லை. ரோட்டில் நின்று பூசணிக்காய் உடைக்க மாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அதனால் சுஜீதன்.

விடியற்காலை ஆறரை மணி, குளிர். குல்லா வைத்த கம்பளி ஜம்பரைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, குங்குமம் திணித்த காயின் மேல் கற்பூரத்தை ஏற்றி, கடையை மூன்று சுற்று சுற்றி, லானின் பேக்கரிப் பக்கமாகத் தெரு பிரியும் மூலையில் ஓங்கிப் போட்டு உடைத்தான். "உடைச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடு தம்பி, எதையும் தொடாதே" என்று கிரிஜா சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். கடை திறந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனபோது அங்கே ஒன்றுமே இல்லை, கழுவிவிட்டிருந்தது. லான் எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

லான் கழுவவில்லை. போலீஸ் வந்து படம் எடுத்து, அள்ளி, கழுவிவிட்டுப் போயிருந்தது.

இது தெரிந்தது மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு போலீஸ்காரி கடைக்குள் நுழைந்தபோது.

வந்தவள் மரியாதையாகத்தான் பேசினாள். கேமராவிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கல்லாவின் மேல் வைத்தாள். குல்லா போட்ட ஒருவன் குனிந்திருக்கிறான். கையில் நெருப்பு. முதுகில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை.

கிரிஜா அந்தப் பட்டையை அடையாளம் கண்டுகொண்டாள். கல்யாணசுந்தரத்துக்கு ஆஃபீஸில் கொடுத்த ஜம்பர் அது. போன குளிர்காலத்தில் அவளே துவைத்து மடித்து சுஜீதனுக்குக் கொடுத்தாள்.

"நேற்று விடியற்காலை பேக்கரி வாசலில் எதையோ கொளுத்திப் போட்டிருக்கிறான்" என்றாள் போலீஸ்காரி. "சிவப்பாக இருந்தது ரத்தமில்லை, ஏதோ பொடி. ஆனால் அந்த அம்மா பயந்துபோயிருக்கிறார். எரிந்த கடைக்கு நாலடி தள்ளி மறுபடியும் ஒருவன் நெருப்போடு வருகிறான் என்றால் நாங்கள் விட முடியாது. அன்றைக்குத் தீயைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பெயர் சொல்லாமல் வைத்த ஆளையும் தேடுகிறோம். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். இவனை உங்களுக்குத் தெரியுமா?"

கிரிஜா வாயைத் திறந்தாள். தெரியும், இது எங்கள் வழக்கம், நான்தான் சொன்னேன். மூன்றே மூன்று வாக்கியம்.

"தெரியாது" என்றார் கல்யாணசுந்தரம், அவளுக்குப் பின்னாலிருந்து. "நாங்கள் பார்த்ததே இல்லை."

"இந்தச் சிவப்புப் பொடி உங்கள் கடையில் விற்பதுதானா?"

"எல்லா இந்தியக் கடையிலும் விற்பதுதான்."

போலீஸ்காரி கிரிஜாவையும் ஒரு பார்வை பார்த்தாள். கிரிஜா தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. சில சமயம் பேசாமல் இருப்பதே பொய் சொல்வதுதான். போலீஸ்காரி கடை ஃபோன் நம்பரை எழுதிக்கொண்டு, தன் கார்டை வைத்துவிட்டுப் போனாள்.

கார் கிளம்பியதுதான் தாமதம். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கிரிஜா சீறினாள்.

"மெதுவா பேசு."

"நான் ஏன் மெதுவா பேசணும்? பூசணிக்காய்னு சொன்னா அதோட முடிஞ்சது!"

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்த மகள் அக்ஷரா எட்டிப் பார்த்தாள். "அப்பா, போலீஸ்கிட்ட இப்ப பொய் சொன்னீங்க. அது சீரியஸ்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ."

எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிற மனுஷர் அன்று விளக்கம் சொல்லாமல் பருப்பு டப்பாக்களை நேராக அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

பத்தரை மணிக்கு சுஜீதன் டாண்டினோங்கிலிருந்து அரிசி மூட்டைகளோடு வேனில் வந்து இறங்கினான். பின்னறையில் வைத்துக் கிரிஜாதான் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் போய்ச் சொல்லுறன் அக்கா" என்றான் கடைசியில். "ஒளிச்சால்தான் பிழை. தேடிப் பிடிச்சாங்கள் எண்டால் என்ர கதை ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"நாங்களும் கூட வர்றோம்" என்றாள் கிரிஜா.

"யாரும் போக வேண்டாம்." கல்யாணசுந்தரம் கதவைச் சாத்தினார். "போன செவ்வாய்க்கிழமை ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்க. நீ கோயிலுக்குப் போயிருந்தே. ஒரே ஒரு ஷெல்ஃப் கொடு, வரி கட்டாத எங்க சிகரெட்டை வெச்சு வித்துக் கொடுன்னாங்க. பக்கத்துக் கடைக்காரன் முடியாதுன்னு சொன்னான், பார்த்தே இல்லேன்னாங்க. சனிக்கிழமை வந்து பதில் கேட்கறோம்னுட்டுப் போனாங்க."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். இந்த நேரம் பார்த்துப் போலீஸ் நம்ம கடையில உட்கார்ந்து ஸ்டேட்மெண்ட் எழுதினா, நாமதான் காட்டிக் கொடுத்தோம்னு நினைக்க மாட்டாங்களா? திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க. ஒரு லாயரைப் பார்க்கலாம்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா நீ என்ன செய்வே? இன்னொரு பூசணிக்காய் வாங்குவே."

கிரிஜாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நான்கு நாளாகப் பக்கத்தில் படுத்திருந்த மனுஷர் இத்தனை பெரிய கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு புரண்டிருக்கிறார். அவளானால் பருப்பு வேகவில்லை என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"அண்ணை" என்றான் சுஜீதன். "பொலிஸிட்ட என்னைத் தெரியாது எண்டு சொல்லிப் போட்டியளா?"

கல்யாணசுந்தரம் அவனைப் பார்க்காமல், "ஆமா" என்றார்.

"ரெண்டு பேருமோ?"

கிரிஜா மெல்லத் தலையாட்டினாள்.

"சரி" என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலாமே என்று இருந்தது கிரிஜாவுக்கு. அவன் எல்லா மூட்டைகளையும் இறக்கி அடுக்கினான், தரையைக் கூட்டினான், ஒரு மணிக்கு வேன் சாவியை ஆணியில் மாட்டினான். "அக்கா, போட்டு வாறன்" என்றான். துப்புரவு வேலைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்புகிறான் என்று நினைத்து அவளும் தலையாட்டினாள்.

இரண்டு மணிக்கு மேல் கிரிஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போலீஸிடம் போகத்தானே கூடாது, லானிடம் போகலாமல்லவா? அக்ஷராவை இழுத்துக்கொண்டு பேக்கரிக்கு நடந்தாள். லானுக்கும் அவளுக்கும் ஆறு வருஷப் பழக்கம். பேச்சு என்று பார்த்தால் மூன்று சொல்லுக்கு மேல் போகாது. இவள் முறுக்கு கொடுப்பாள், அவள் சுடச்சுட ரொட்டி கொடுப்பாள், அதிலேயே எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். இன்று லான் இவர்களைப் பார்த்ததும் கதவுக் கொக்கியைத் திறக்கக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

அக்ஷரா தன் ஃபோனில் இங்கிலீஷில் பேசி, வியட்நாமியில் எழுத்து வர வைத்துக் காட்டினாள். எங்கள் மதத்தில், கெட்ட கண் படாமல் இருக்க, இந்தக் காயை வாசலில் உடைப்போம். உள்ளே வைப்பது குங்குமம். அம்மாதான் செய்யச் சொன்னாள். உங்களைப் பயமுறுத்த அல்ல.

லான் இரண்டு முறை படித்தாள். பிறகு தன் குளிர்பெட்டியைத் திறந்து, அதே சாம்பல் பூத்த காயில் பாதியை எடுத்துக் காட்டினாள். "சூப்" என்றாள். "வீ மேக் சூப்!" சிரிக்கத் தொடங்கியவள் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கிரிஜா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அழுது முடித்து லான் ஃபோனை வாங்கித் தன் பாஷையில் பேசினாள். அக்ஷரா வாசித்துச் சொன்னாள். "அம்மா, அந்த ரெண்டு பேர் இவங்ககிட்டயும் வந்திருக்காங்க. இவங்க நோ சொல்லிட்டாங்களாம். அதனாலதான் வாசல்ல அந்தச் சிவப்பைப் பார்த்ததும், இட்ஸ் அ வார்னிங்னு நினைச்சு போலீஸைக் கூப்பிட்டிருக்காங்க. இப்ப போலீஸ்கிட்ட போய் உண்மையைச் சொல்றேன்னு சொல்றாங்க."

பத்து நாளில் முதல் தடவையாகக் கிரிஜாவுக்கு மூச்சு சீராக வந்தது. ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு, இதை சுஜீதனிடம் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே அவனுக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். வேலை நேரத்தில் அவன் அணைப்பதில்லை.

கடைக்குள் நுழைந்தபோது கல்லாவுக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். நீல ஜாக்கெட், சீராக வெட்டிய நரைத்த தாடி, கையில் ஒரு மிக்சர் பாக்கெட். பார்த்தால் பேரப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்க வந்தவன் என்றுதான் சொல்வோம். கல்யாணசுந்தரத்தின் முகத்தைப் பார்த்துத்தான் கிரிஜா புரிந்துகொண்டாள். அக்ஷராவைப் பின்னறைக்குப் போகச் சொன்னாள்.

"காலையில் போலீஸ் வந்தது" என்றான் அவன், மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே. "நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது."

கிரிஜா ரொட்டியைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"அந்த விளையாட்டு யார் செய்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் வேன் ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி. விசாதான் கொஞ்சம் பலவீனம், இல்லையா?" பாக்கெட்டைக் கீழே வைத்தான். "போலீஸிடம் ஒரு படம் இருக்கிறது. எரிந்த கடை ஒன்று இருக்கிறது. ஒரு பெயர்தான் இல்லை. பெயர் கிடைத்தால் இரண்டு கேஸையும் அவன் தலையில் கட்டி மூடிவிடுவார்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒரு ஷெல்ஃப் கொடுங்கள்."

கிரிஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலையில் ஒரே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் இவனிடம் இப்போது பேச ஒன்றுமே இருந்திருக்காது. தெரியாது என்று சொன்ன அந்த நிமிஷமே சுஜீதனைத் தூக்கி இவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"எந்த ஷெல்ஃப்?" என்று கேட்டார் கல்யாணசுந்தரம், ஒரேயடியாகத் தளர்ந்த குரலில்.

அப்போது கடை ஃபோன் அடித்தது. கிரிஜாதான் எடுத்தாள். காலையில் வந்த அதே போலீஸ்காரி.

"தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். படத்தில் இருந்த ஆள் ஒன்றரை மணிக்குத் தானாக ஸ்டேஷனுக்கு வந்தார். பெயர் சுஜீதன்."

கிரிஜா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது ஏதோ பூஜை என்கிறார். யார் செய்யச் சொன்னது என்று கேட்டால், யாரும் இல்லை, தானே செய்தேன் என்கிறார். எந்தக் கடைக்காக என்றால் பதில் இல்லை. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றாலும் பதில் இல்லை. அன்றைக்கு ஃபோன் செய்தது தான்தான் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார். நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிகிறதா? யாரும் கேட்காமல், யாருக்காகவும் இல்லாமல், எரிந்த கடைக்குப் பக்கத்தில் வந்து ஒருவர் நெருப்பு வைத்தார் என்றால் அதை நான் எப்படி நம்புவது?"

கிரிஜாவுக்குப் புரிந்தது. அண்ணையும் அக்காவும் தன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைப் பொய்யராக்கக் கூடாது. அதற்காகத் தன்னைக் காப்பாற்றக் கூடிய ஒரே உண்மையை அவன் வாயிலேயே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருஷமாகப் போலீஸ் காரைக் கண்டு ஒதுங்கியவன்.

"அவர் முதுகில் இருக்கும் ஜம்பரில் மல்கிரேவ் கம்பெனி ஒன்றின் பெயர் இருக்கிறது. ஆள் இந்தப் பக்கத்தவர்தான் என்று தெரிகிறது, அதனால்தான் எல்லாக் கடைகளிலும் மறுபடி கேட்கிறேன். காலையில் உங்கள் கணவர் தெரியாது என்றார். அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா? அவரை உங்களுக்குத் தெரியாது. சரிதானே?"

நீல ஜாக்கெட்காரன் கல்லாவில் கையூன்றி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணசுந்தரம் தலையை மெதுவாக, கெஞ்சுவதுபோல, இடமும் வலமும் ஆட்டினார். பின்னறைக் கதவிடுக்கில் அக்ஷராவின் முகம் தெரிந்தது. கிரிஜாவுக்குக் கணவரின் பயமும் புரிந்தது, மகளை நினைத்து அதே பயம் அவளுக்கும் இருந்தது. அதற்காக அங்கே ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பவனை விட்டுவிட அவளால் முடியவில்லை.

"தெரியும்" என்றாள், நிறுத்தி நிதானமாக, எதிரே நிற்பவனுக்கும் புரிகிற இங்கிலீஷில். "அவன் எங்கள் கடையில் வேலை செய்கிறான். ஆறு வருஷமாக. பூசணிக்காய் என்னுடையது. உடைக்கச் சொன்னது நான்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு போலீஸ்காரி கேட்டாள், "அப்படியென்றால் காலையில் என்னிடம் பொய் சொன்னது யார்?"

கிரிஜா கணவரைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவரை யாரிடமும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை, தன் அம்மாவிடம்கூட.

"என் வீட்டுக்காரர்" என்றாள். "நானும்தான்."

"ஏன்?"

"பயந்துவிட்டோம். யாருக்குப் பயந்தோமோ அவர் இப்போது என் முன்னால் நிற்கிறார்."

நீல ஜாக்கெட்காரன் சிரித்தான். மிக்சர் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

"கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள். கொஞ்ச நேரத்தில் வருகிறோம்" என்றது ஃபோன். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கல்யாணசுந்தரம் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். கண்ணாடிக்கு வெளியே அவன் இன்னும் போகவில்லை. நடைபாதையில் நின்று, ஃபோனை உயரத் தூக்கிக் கடையைப் படம் எடுத்தான். பிறகு நாலடி நடந்து, லானின் பேக்கரியையும் ஒரு படம் எடுத்தான்.